வெளியூர் ராஜாவா, உள்ளூர் ராஜாவா, ராஜாவே வேண்டாமா? மெக்சிகோ, 1822

1822 மே 19, ஞாயிற்றுக்கிழமை. மெக்சிகோ நகரத்தில் சான் பெத்ரோ சான் பாப்லோ என்ற பழைய தேவாலயத்தில் நாடாளுமன்றம் கூடியிருக்கிறது. பார்வையாளர் பகுதியில் இடம் போதவில்லை. சிப்பாய்களும் துறவிகளும் தெரு ஆட்களும் உறுப்பினர்கள் உட்காரும் இடத்துக்குள்ளேயே வந்து நிற்கிறார்கள். முந்தின இரவு பியோ மார்ச்சா என்ற சார்ஜென்ட் தன் படைப்பிரிவைத் தெருவில் இறக்கி, "முதலாம் அகுஸ்தீன் வாழ்க" என்று கோஷம் போடவைத்தார். விடியும்வரை மணியடிப்பும் வெடிச்சத்தமும் ஓயவில்லை. தூக்கம் கெட்ட கண்களோடு வந்திருக்கும் உறுப்பினர்களின் முன்னால் இருக்கும் கேள்வி ஒன்றுதான்: விடுதலை கிடைத்து எட்டு மாதம்கூட ஆகாத இந்த நாட்டின் தலையில் யாரை உட்காரவைப்பது?

அன்றைக்கு அவர்கள் எடுத்த முடிவு பத்து மாதம்தான் நின்றது. அதைப் படித்துவிட்டு "முட்டாள்கள், குடியரசு என்று அறிவித்திருக்கலாமே" என்று சொல்வது நமக்குச் சுலபம். ஆனால் எனக்கு அந்தச் சபையில் ஓர் இருக்கை இருந்திருந்தால் எந்தப் பக்கம் வாக்களித்திருப்பேன் என்று யோசித்துப் பார்த்தால் விஷயம் அத்தனை லேசாக இல்லை. மேஜையில் இருந்தவை மூன்று வழிகள். ஐரோப்பாவிலிருந்து ஓர் இளவரசரைக் கொண்டுவருவது ஒன்று. நாட்டுக்கு விடுதலை வாங்கித் தந்த தளபதி அகுஸ்தீனுக்கே முடிசூட்டுவது இன்னொன்று. ராஜாவே வேண்டாம் என்று குடியரசாவது மூன்றாவது. நான்காவதாக ஒன்றும் இருந்தது. சத்தத்தில் அது யார் காதிலும் விழவில்லை. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில், ராஜா என்ற பேச்சே ஏன் வந்தது?

1810இல் பாதிரியார் இதால்கோ தொலோரெஸ் ஊரில் மணியடித்துத் தொடங்கிய கலகம், ஸ்பெயினுக்கு எதிரான பத்து வருடப் போராக நீண்டது. இதால்கோ பிடிபட்டுச் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருக்குப் பின் தலைமை ஏற்ற மோரெலோஸை 1815இல் சுட்டார்கள். 1820 வாக்கில் தெற்கு மலைகளில் விசென்தே கெரேரோவின் படை மட்டும் விடாமல் போராடிக்கொண்டிருந்தது. அவரை அடக்க அனுப்பப்பட்டவர்தான் அகுஸ்தீன் தெ இதூர்பிதே. ஸ்பானிய வம்சாவளி, ஆனால் மெக்சிகோவில் பிறந்தவர். கலகக்காரர்களை வேட்டையாடியே பெயர் எடுத்த அதிகாரி.

அதே வருடம் ஸ்பெயினில் படை கிளர்ந்தெழுந்து, அரசர் ஏழாம் ஃபெர்னாந்தோவை மிரட்டி 1812இன் தாராளவாத அரசியல் சட்டத்தைத் திரும்பக் கொண்டுவரச் செய்தது. மெக்சிகோவின் பிஷப்புகளுக்கும் ராணுவ அதிகாரிகளுக்கும் வயிற்றைக் கலக்கியது. தேவாலயச் சொத்து போய்விடும், ராணுவத்துக்கு இருந்த தனி நீதிமன்றச் சலுகை போய்விடும். நேற்றுவரை விடுதலைக்கு எதிராகச் சுட்டவர்களுக்கு இப்போது விடுதலைதான் பாதுகாப்பாகத் தெரிந்தது! இதூர்பிதே கெரேரோவிடம் தூது அனுப்பினார். இருவரும் சேர்ந்தார்கள்.

1821 பிப்ரவரி 24இல் வெளியான இகுவாலா திட்டம் இந்தக் கூட்டணியின் ஒப்பந்தப் பத்திரம். கத்தோலிக்க மதம், விடுதலை, எல்லாப் பிறப்பினருக்கும் ஒற்றுமை என்று மூன்று உத்தரவாதங்கள். அதோடு ஓர் அரியணை. ஏழாம் ஃபெர்னாந்தோவோ, அவர் குடும்பத்தினரோ, வேறு அரச வம்சத்தவரோ வந்து பேரரசராக வேண்டும் என்றது. காரணத்தையும் ஒளிக்காமல் எழுதியிருந்தார்கள்: ஏற்கனவே தயாராக இருக்கும் ஒரு மன்னர் கிடைத்துவிட்டால், பதவி ஆசையால் வரும் கேடுகளைத் தவிர்க்கலாம்.

இந்த வரியை நான் பலமுறை திரும்பப் படித்திருக்கிறேன். எழுதியவர்களுக்குத் தங்களைப் பற்றி நன்றாகத் தெரிந்திருக்கிறது. பத்து வருடப் போர் முடிந்த நாட்டில் துப்பாக்கி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் தலைவராகலாம். தடி எடுத்தவன் எல்லாம் தண்டல்காரன் ஆகாமல் இருக்க வேண்டுமென்றால், உள்ளூரில் யாருமே போட்டியிட முடியாத ஒரு நாற்காலி வேண்டும். ராஜாவை அவர்கள் கேட்டது பக்தியால் அல்ல, போட்டியை அணைக்க. ஒவ்வொரு வழியையும் அளக்க நான் எடுத்துக்கொள்வது இந்த அளவுகோலைத்தான்.

வெளியூர் ராஜா

அளவுகோல்படி பார்த்தால் இதுதான் முதல் மதிப்பெண் வாங்க வேண்டிய வழி. ஸ்பெயினை ஆண்ட போர்போன் வம்சத்து இளவரசர் ஒருவர் வந்து இறங்கினால் எந்தக் கர்னலும் "அவருக்கு ஏன், எனக்கு ஏன் இல்லை" என்று கேட்க முடியாது. ஸ்பானிய வணிகர்கள் மூலதனத்தை மூட்டை கட்டிக்கொண்டு ஓட மாட்டார்கள். ஐரோப்பா அங்கீகரிக்கும். 1821 ஆகஸ்ட் 24இல் கோர்தோபா என்ற ஊரில், ஸ்பெயின் அனுப்பிய கடைசி உயர் அதிகாரி ஓதொனொஹூ இதற்கு ஒப்புக்கொண்டு கையெழுத்தும் போட்டார். அரசர் வராவிட்டால் அவர் தம்பிகள், அவர்களும் வராவிட்டால் லூக்காவின் இளவரசர் என்று வரிசையும் போட்டாயிற்று.

அந்த வரிசையின் கடைசியில் ஒரு சின்ன மாற்றம் நுழைந்திருந்தது. யாரும் வராவிட்டால் மெக்சிகோவின் நாடாளுமன்றம் காட்டுபவர் பேரரசர். அவர் அரச வம்சத்தவராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இகுவாலாவில் இருந்தது, இங்கே இல்லை. அந்த வாக்கியத்தை அப்படி எழுதச் சொன்னது யார் என்று ஊகிக்கப் பெரிய மூளை வேண்டாம்.

இந்த வழியின் ஓட்டை எளிமையானது: ராஜா வர வேண்டுமே? ஸ்பெயின் நாடாளுமன்றம் 1822 பிப்ரவரியில் கோர்தோபா ஒப்பந்தமே செல்லாது என்றது. வெராக்ரூஸ் துறைமுகத்துக்கு எதிரே இருந்த சான் ஹுவான் தெ உலுவா கோட்டையில் ஸ்பானியப் படை பீரங்கியோடு உட்கார்ந்திருந்தது. 1825 நவம்பர்வரை அது இறங்கி வரவில்லை. வாசலில் பீரங்கியை நிறுத்திவைத்திருக்கும் வீட்டிலிருந்து மாப்பிள்ளை வருவார் என்று மணப்பந்தல் போட்டுக் காத்திருந்த கதை.

ஆனால் இந்த வழி எங்குமே நடக்காது என்று சொல்லிவிட முடியாது. அதே 1822 செப்டம்பர் 7இல் பிரேசில் விடுதலையை அறிவித்தது. போர்ச்சுகல் அரசரின் மகன் பெத்ரோ அங்கே பேரரசரானார். அந்த முடியாட்சி 1889 வரை, 67 வருடம் நீடித்தது. வித்தியாசம் என்ன? பெத்ரோவை யாரும் கப்பலில் வரவழைக்கவில்லை. நெப்போலியனுக்குப் பயந்து போர்ச்சுகல் அரச குடும்பமே 1808இல் ரியோவுக்குக் குடிபெயர்ந்தபோது வந்த பையன் அவர். அங்கேயே வளர்ந்தார். அப்பா திரும்பிப் போனபோது பொறுப்பை மகனிடம் விட்டுவிட்டுப் போனார். வம்சம் வெளியூர், ஆள் உள்ளூர். மெக்சிகோவுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை.

அதிர்ஷ்டம் இல்லாமல் இந்த வழியில் போனவர்களுக்கு என்ன ஆனது என்பதற்கு அல்பேனியா இருக்கிறது. 1912இல் ஓட்டோமான் பேரரசிலிருந்து விடுதலை அறிவித்த நாடு. வல்லரசுகள் லண்டனில் கூடிப் பேசி, ஜெர்மனியின் வீட் குடும்பத்து இளவரசர் வில்ஹெல்மைத் தேர்ந்தெடுத்தன. 1914 மார்ச் 7இல் துர்ரெஸ் துறைமுகத்தில் இறங்கினார். செப்டம்பர் 3இல் கப்பலேறிவிட்டார். ஆறே மாதம். அவருடைய அமைச்சரவையில் இருந்த எசாத் பாஷாவே அவருக்கு எதிராக வேலை பார்த்தார். கிராமத்து முஸ்லிம் விவசாயிகள் கிளர்ந்தெழுந்தார்கள். அவரைக் காப்பாற்ற இருந்ததெல்லாம் டச்சு அதிகாரிகள் பயிற்சி கொடுத்த சிறிய காவல் படை. அனுப்பிவைத்த வல்லரசுகளோ ஆகஸ்டில் ஒன்றோடொன்று போருக்குப் போய்விட்டன. அவருக்குப் பணம் அனுப்ப ஆள் இல்லை. போட்டியில்லாத நாற்காலி கிடைத்தது, ஆனால் அந்த நாற்காலிக்குக் காலே இல்லை.

பின்லாந்து இன்னும் வேடிக்கை. 1917 டிசம்பரில் விடுதலை, அடுத்த வருடம் உள்நாட்டுப் போர். வென்றது ‘வெள்ளையர்’ என்று அழைக்கப்பட்ட வலதுசாரித் தரப்பு. அது ஜெர்மனியின் துணையோடு நிமிர்ந்ததால், ஜெர்மன் பேரரசரான கைசரின் மைத்துனர் ஹெஸ்ஸேயின் ஃப்ரீட்ரிஷ் கார்லை 1918 அக்டோபர் 9இல் ராஜாவாகத் தேர்ந்தெடுத்தார்கள். அந்த நாடாளுமன்றத்தில் தோற்ற தரப்பான சோஷியல் டெமாக்ரட்டுகள் கிட்டத்தட்ட யாருமே இல்லை. சரியாக ஒரு மாதம் கழித்து, நவம்பர் 9இல், கைசரே பதவி இழந்தார். ராஜாவை அனுப்ப வேண்டிய நாட்டில் ராஜாவே இல்லை! ஃப்ரீட்ரிஷ் கார்ல் டிசம்பரில் விலகிக்கொண்டார். பின்லாந்தில் காலே வைக்கவில்லை. 1919இல் குடியரசுச் சட்டம் வந்தது. பக்கத்து லிதுவேனியாவிலும் 1918இல் இதே கதை. ஜூலையில் ஜெர்மனியின் உராக் குடும்பத்து வில்ஹெல்முக்கு இரண்டாம் மிண்டவுகாஸ் என்று பெயர்கூடச் சூட்டினார்கள். நவம்பரில் ரத்து செய்துவிட்டார்கள்.

ஆக, வெளியூர் ராஜா உள்ளூர்ப் போட்டியை அணைப்பார் என்பது உண்மைதான். ஆனால் அவர் நிற்பது தன்னை அனுப்பிய நாட்டின் தோளில். அந்தத் தோள் விலகிய நாளில் கீழே விழுவார். பின்னாளில் மெக்சிகோவே இதைச் சோதித்தும் பார்த்தது. 1864இல் பிரெஞ்சுப் படையின் பாதுகாப்பில் ஆஸ்திரியாவின் மாக்சிமிலியன் வந்து அமர்ந்தார். பிரான்ஸ் படையைத் திரும்ப அழைத்துக்கொண்டது. 1867 ஜூன் 19இல் கெரேத்தாரோவில் அவரைச் சுட்டார்கள்.

உள்ளூர் ராஜா

1822 மே மாதத்து உறுப்பினருக்கு மாக்சிமிலியனைத் தெரியாது, பின்லாந்தைத் தெரியாது. அவருக்குத் தெரிந்தது, ஸ்பெயின் கதவைச் சாத்திவிட்டது என்பது மட்டும். அந்தச் செய்தி வந்து சேர்ந்தபின் அரியணை காலி, கண்ணெதிரே இதூர்பிதே.

அவருக்கு எதிராகப் பேசுவதற்கு முன் அவருக்காகப் பேச வேண்டியதைப் பேசிவிடலாம். பத்து வருடம் முடியாததை அவர் ஏழு மாதத்தில், பெரிய ரத்தமில்லாமல் முடித்தார். 1821 செப்டம்பர் 27இல், தன் 38ஆவது பிறந்தநாளில், சுமார் 16,000 வீரர்களோடு தலைநகருக்குள் நுழைந்தார். மக்கள் அவரைக் கொண்டாடியது வாடகைக் கூட்டத்தின் கொண்டாட்டம் அல்ல. இகுவாலா திட்டத்தின் 12ஆவது பிரிவு, பிறப்பைப் பார்க்காமல் எல்லோரும் எந்த வேலைக்கும் வரலாம் என்றது. சாதி அடுக்கில் கீழே இருந்தவர்களுக்கு அது சாதாரண வரி அல்ல.

அன்று சபையில் அவருக்கு முடிசூட்டும் தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் வாலென்தீன் கோமெஸ் ஃபாரியாஸ். பிற்காலத்தில் மெக்சிகோவின் தாராளவாதிகளுக்கே தலைவராகப் போகிறவர்! அவர் வாதம் சட்டப்படி நேர்த்தியாகவே இருந்தது: ஸ்பெயின் ஒப்பந்தத்தை மறுத்துவிட்டது, ஆகவே நாம் விரும்பியவரைத் தேர்ந்தெடுக்க நமக்கு உரிமை இருக்கிறது, ஆனால் அவர் நாடாளுமன்றத்துக்குக் கட்டுப்பட வேண்டும். 67 பேர் ஆதரித்தார்கள். சபைக்குத் தேவையான எண்ணிக்கையே அன்று இருந்ததா என்று பின்னால் சண்டை நடந்தது. அது நியாயமான சண்டை.

ஜூலை 21இல் தலைமைத் தேவாலயத்தில் முடிசூட்டு விழா. முடியை அவர் தலையில் வைத்தவர் நாடாளுமன்றத் தலைவர் ரஃபாயேல் மாங்கினோ. வைத்துக்கொண்டே, விழுந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொன்னாராம். விழாமல் பார்த்துக்கொள்கிறேன் என்று அவரும் சொன்னாராம். நடந்ததோ கட்டியதோ, மெக்சிகோக்காரர்கள் இன்றும் சொல்லிச் சிரிக்கும் கதை.

பிறகு நடந்ததுதான் இந்த ஒப்பீட்டின் மையம் என்று நினைக்கிறேன்.

முதலாவது, பணம். போரில் குவனஹுவாத்தோ பக்கத்து வெள்ளிச் சுரங்கங்கள் தண்ணீர் நிரம்பிக் கிடந்தன. மக்களைக் குளிர்விக்க விற்பனை வரியையும் சுரங்க வரியையும் இதூர்பிதே குறைத்திருந்தார். வரவு சுருங்கிய நேரத்தில் செலவு மட்டும் பெரியதாக இருந்தது, காரணம் ராணுவம். ராணுவத்தைக் குறைக்கவும் முடியாது, ஏனென்றால் அவரை உட்காரவைத்ததே அதுதான். அரியணைக்கு முன்பே, இடைக்கால ஆட்சிக் குழுவின் தலைவர் என்று அவருக்கு வருடம் 1,20,000 பெசோ சம்பளம் நிர்ணயித்திருந்தார்கள். ஸ்பானிய வைஸ்ராய் வாங்கியதுபோல் இரண்டு மடங்கு. அதன்மேல் இளவரசர் பட்டங்கள், அரண்மனைப் பதவிகள் எல்லாம் வந்து சேர்ந்தன. கஜானா காலியானதும் வணிகர்கள் வெராக்ரூஸ் வழியாக அனுப்பிக்கொண்டிருந்த சுமார் 13 லட்சம் பெசோ வெள்ளியைக் கைப்பற்றினார். டிசம்பரில் 40 லட்சம் பெசோவுக்குத் தாள் பணம் அச்சடிக்க உத்தரவிட்டு, கொடுக்க வேண்டியதில் மூன்றில் ஒரு பங்கைத் தாளாகக் கொடுத்தார். நாணயத்தைத் தட்டிப் பார்த்துச் சத்தம் கேட்டு வாங்கிப் பழகிய ஊர் அது. தாளை எவர் வாங்குவார்? (அவருக்குப் பின் வந்த அரசும் தாள் பணம் அடித்தது. மக்கள் நம்ப வேண்டுமே என்று, போப்பின் பெயரால் அச்சடித்துத் தேவாலயம் விற்ற பழைய தாள்களின் பின்பக்கத்தில் அச்சடித்தார்கள்! அதையும் மக்கள் நம்பவில்லை.)

இரண்டாவது, நாடாளுமன்றம். முடி கொடுத்தவர்களே அவருக்கு முள்ளானார்கள். நீதிபதிகளை யார் நியமிப்பது, சட்டத்தைத் தடுக்க அரசருக்கு உரிமை உண்டா என்று தினம் ஒரு மல்லுக்கட்டு. ஆகஸ்ட் 26இல் சதி என்று சொல்லி உறுப்பினர்கள் பலரைக் கைது செய்தார். அக்டோபர் 31இல் சபையையே கலைத்தார். ஸ்பெயின் அரசர் வம்சத்தைக் காட்டி ஆளலாம். இவருக்கு இருந்த ஒரே பத்திரம் அந்தச் சபையின் வாக்குதான். தன் பட்டாவைத் தானே கிழித்துப்போட்ட மாதிரி.

மூன்றாவதுதான் எல்லாவற்றுக்கும் அடி. உள்ளூர் மாடு விலை போகாது என்பார்கள். இங்கே மாடு நல்ல விலைக்குப் போனது, அதைப் பார்த்து ஊரில் இருந்த எல்லாருக்கும் ஆசை வந்தது. நேற்றுவரை கூட நின்று சாப்பிட்ட கர்னல் இன்று மண்டியிட்டுக் கையை முத்தமிட வேண்டும். இவர் ஆகலாம் என்றால் நான் ஏன் ஆகக்கூடாது? வெராக்ரூஸில் இருந்த 28 வயது அந்தோனியோ லோபெஸ் தெ சாந்தா அன்னா டிசம்பர் 2இல் குடியரசு என்று கொடி தூக்கினார். அந்த வயதில் அவருக்குக் குடியரசைப் பற்றி எவ்வளவு தெரியும் என்பது வேறு விஷயம். இதூர்பிதேயைக் கட்டித் தழுவியதாகச் சொல்லப்படும் கெரேரோவும் ஜனவரியில் தலைநகரிலிருந்து நழுவி எதிர்த்தரப்பில் சேர்ந்தார். சாந்தா அன்னாவை அடக்கப் போன எச்சாவர்ரி, பேரரசருக்கு மிக நெருக்கமானவர், முற்றுகையைப் பாதியில் விட்டுவிட்டு 1823 பிப்ரவரி 1இல், புது நாடாளுமன்றம் கேட்ட காசா மாத்தா திட்டத்தில் கையெழுத்திட்டார்.

இகுவாலாவில் எழுதினார்களே, பதவி ஆசையால் வரும் கேடு என்று? அதுதான் எழுத்து மாறாமல் நடந்தது. முடியாட்சியின் பயன் போட்டியை அணைப்பது. உள்ளூர்த் தளபதிக்கு முடிசூட்டினால் போட்டி அணையாது, அதற்குப் பரிசுத்தொகை கூடும். அவ்வளவுதான். எயிட்டியிலும் இதேதான்: 1804இல் விடுதலை, அதே வருடம் தெஸ்ஸாலின் பேரரசர், 1806 அக்டோபரில் சொந்த அதிகாரிகளின் கையால் மரணம்.

1823 மார்ச் 19இல் இதூர்பிதே முடி துறந்து இத்தாலிக்குப் போனார். அடுத்த வருடம், நாட்டை ஸ்பெயின் மீண்டும் தாக்கப்போகிறது என்று சொல்லித் திரும்பி வந்தார். திரும்பினால் துரோகியாகக் கருதிக் கொல்லலாம் என்று நாடாளுமன்றம் சட்டம் போட்டிருந்தது அவருக்குத் தெரியாது. 1824 ஜூலை 19இல் பதீயா என்ற சிற்றூரில் சுட்டார்கள். அந்தப் பழைய ஊர் இப்போது ஓர் அணையின் நீருக்கடியில் இருக்கிறது. அணையின் பெயர் விசென்தே கெரேரோ.

ராஜாவே வேண்டாம்

அப்படியானால் மே 19இல் குடியரசுக்குக் கை தூக்கியிருக்க வேண்டியதுதானே? சபையில் அப்படி நினைத்தவர்கள் இருந்தார்கள். அன்று வாய் திறந்தால் வீடு திரும்புவோமா என்பது அவர்களுக்குச் சந்தேகம்.

தைரியத்தை விடுங்கள், வழியாகவே அது அன்று சரியானதா? எனக்கு முழு நிச்சயம் இல்லை. அன்று தேர்தல் வைத்திருந்தால் ஜனாதிபதியும் இதூர்பிதேதான். குடியரசு வந்தபின் மெக்சிகோ கண்டதும் பெரிய நிம்மதி இல்லை. 1824 அரசியல் சட்டப்படி வந்த முதல் ஜனாதிபதி குவாதலூப்பே விக்டோரியா பதவிக்காலத்தை முடித்தார். அடுத்தவரைத் தேர்ந்தெடுத்த 1828 தேர்தல் முடிவைக் கலகம் செய்து மாற்றினார்கள். அதன் பலனாக 1829இல் ஜனாதிபதியான கெரேரோவை அதே வருட இறுதிக்குள் இன்னொரு கலகம் கவிழ்த்தது, 1831இல் அவரைச் சுட்டும் கொன்றார்கள். சாந்தா அன்னா வருவதும் போவதுமாக முப்பது வருடம் ஓட்டினார். 1848இல் நாட்டின் பாதி நிலப்பரப்பு அமெரிக்காவுக்குப் போனது. தளபதிகளின் பதவி ஆசையைக் குடியரசும் அணைக்கவில்லை.

இருந்தாலும் ஒரு வித்தியாசம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. 1822 ஜூன் 22இல் நாடாளுமன்றம் இதூர்பிதேயின் அரியணை பரம்பரைக்கும் உரியது என்று தீர்மானித்தது. அதாவது அவர் சரியில்லை என்றால் காத்திருக்க முடியாது. அவருக்குப் பின் அவர் மகன் வருவார். ஆக, கவிழ்ப்பது ஒன்றே வழி. குடியரசில் நான்கு வருடம் பொறுத்துப் பார்க்கலாம் என்ற வாய்ப்பு காகிதத்திலாவது இருந்தது. இதூர்பிதே விழுந்தபோது ஆட்சியமைப்பும் கூடவே விழுந்தது. நாடாளுமன்றம் 1823 ஏப்ரல் 8இல் முடிசூட்டலே செல்லாது, ஆகவே முடி துறந்ததை ஏற்பதற்கும் ஒன்றுமில்லை என்று சொல்லி, நடந்த பத்து மாதத்தையே நடக்காததாக்கியது. தவறு செய்தால் திருத்த ஆகும் செலவைப் பார்த்தால், குடியரசு மலிவு. சரியான வழி என்று சொல்லவில்லை, மலிவு என்கிறேன்.

அந்த 15 பேர்

இப்போது நான்காவது வழி. அன்று 67 வாக்குகளுக்கு எதிராக 15 வாக்குகள் விழுந்தன. அந்த 15 பேரும் இதூர்பிதேயின் எதிரிகள் என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. அவர்கள் கேட்டது ஒன்றுதான்: இவ்வளவு பெரிய விஷயத்தை இந்தக் கூட்டத்தின் சத்தத்தில் முடிக்க வேண்டாம், முதலில் மாகாணங்களைக் கேட்போம்.

கலிபோர்னியாவிலிருந்து கோஸ்தா ரிக்காவரை நீண்ட நாடு அது. குதிரையும் கோவேறு கழுதையும்தான் வாகனம். கேட்டுப் பதில் வாங்க மாதக்கணக்கில் ஆகும். தெருவில் துப்பாக்கியோடு நிற்பவர்கள் அதுவரை பொறுப்பார்களா என்ற கேள்வி நியாயமானதே. 67 பேரில் பலர் பயந்துதான் வாக்களித்தார்கள் என்றால் நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் இதூர்பிதேயை உண்மையில் வீழ்த்தியது எது என்று பாருங்கள். சாந்தா அன்னாவின் குடியரசுக் கலகம் கிட்டத்தட்ட தோற்றுவிட்டது. வெராக்ரூஸுக்குள் முடங்கிக் கிடந்தார். காசா மாத்தா திட்டம் குடியரசு என்ற சொல்லையே எடுக்கவில்லை. பேரரசரின் உயிருக்கு ஆபத்து விளைவிக்க மாட்டோம் என்றுகூட எழுதியது. கேட்டது புது நாடாளுமன்றம். அதோடு, அதுவரை வெராக்ரூஸின் நிர்வாகத்தை அந்த மாகாணத்தின் சபையே பார்த்துக்கொள்ளும் என்று ஒரு பிரிவு. பிற மாகாணங்கள் பிடித்துக்கொண்டது இந்தப் பிரிவைத்தான். சில வாரங்களில் ஒவ்வொன்றாகக் கிட்டத்தட்ட எல்லாம் சேர்ந்துகொண்டன. தலைநகரம் தங்களைக் கேட்காமல் ஒரு ராஜாவை உட்காரவைத்தது. கேட்கும் வாய்ப்பு வந்ததும் அவர்கள் பதில் சொல்லிவிட்டார்கள். 15 பேர் மே மாதத்தில் கேட்கச் சொன்ன கேள்விக்கு பிப்ரவரியில் பதில் வந்தது.

கேட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவரவில்லை. 1822 ஜனவரியில் மத்திய அமெரிக்க மாகாணங்களைப் பேரரசோடு இணைத்தபோது அங்கே ஊர் மன்றங்களைக் கேட்கத்தான் செய்தார்கள். பெரும்பாலானவை சரி என்றன. சான் சால்வடோர் முடியாது என்றது. அதன்மேல் படை அனுப்பினார்கள். கேட்பது ஒரு கையில், படை மறு கையில் இருந்தால் அதைக் கேட்டதாகக் கணக்கு வைக்க முடியாது. முடியரசு விழுந்த அதே 1823இல் ஜூலை 1ஆம் தேதி மத்திய அமெரிக்கா பிரிந்துபோனது. சியாபாஸ் மட்டும் மறுவருடம் தன் ஊர்களைக் கேட்டு மெக்சிகோவோடு இருக்க முடிவு செய்தது.

ஆகவே என் வாக்கு அந்தப் 15 பேரோடு. மாகாணங்கள் பதில் சொல்லும்வரை இதூர்பிதே ஏற்கனவே இருந்த பொறுப்பிலேயே, இடைக்கால ஆட்சிக் குழுவின் தலைவராக, தொடரட்டும் என்று சேர்த்துச் சொல்லியிருப்பேன். மாகாணங்கள் ராஜாதான் வேண்டும் என்று சொல்லியிருந்தால், அவர் கையில் சார்ஜென்ட் மார்ச்சாவின் கோஷத்தைவிடக் கெட்டியான பத்திரம் ஒன்று இருந்திருக்கும். வேண்டாம் என்றால், இறங்க முடியாத உயரத்துக்கு அவர் ஏறியிருக்க மாட்டார். இத்தாலிக்கும் போயிருக்க வேண்டாம், பதீயாவுக்கும் வந்திருக்க வேண்டாம். வாசலில் நின்ற கூட்டம் என்னை என்ன செய்திருக்கும் என்பதைத்தான் என்னால் கணிக்க முடியவில்லை.